முறிவும் செப்பமும்

அரபு மொழியில் ‘கஸ்ர்’ என்றால் உடைத்தல். ‘ஜப்ர்’ என்றால் உடைந்ததைச் சேர்த்துக் கட்டுதல். முதற்சொல்லையும் அதன் கிளைகளையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எழுத்தின் கீழ் இடும் இகரக் குறிக்குக் ‘கஸ்ரா’ என்று பெயர். ஒருமைச் சொல்லின் உருவம் சிதைந்து பன்மையாவதற்கு ‘ஜம்உ தக்ஸீர்’ என்று பெயர். கணக்கில் வரும் பின்னமும் கஸ்ர்தான். இரண்டாம் சொல்லையோ நான் ஏட்டில் படித்திருந்தேனே தவிர, அதன் பொருளைக் கண்ணாற் கண்டது 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில்தான். கண்ட இடம் மத்ரஸாவும் அன்று, நூலகமும் அன்று. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில், படகு பழுதுபார்க்கும் ஓர் ஓலைக் கொட்டகை. அங்கே நான் கொண்டு சென்றது படகன்று. மர்ஹூமாகிவிட்ட என் வாப்பாவின் கார்.

இன்றைய இளைஞர் பலர் அக்காரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ‘டால்பின்’ என்பது அதன் பெயர். பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் டாம்வொர்த் நகரத்து ரிலையன்ட் நிறுவனம் செய்துவந்த ‘கிட்டன்’ என்ற காரின் வழிவந்தது. 848 சி.சி. இயந்திரம், இரண்டு கதவுகள், அடிச்சட்டம் இரும்பு, மேனியோ கண்ணாடி இழையாலானது. அமெரிக்காவில் செவ்ரோலெ கார்வெட் காரின் மேனியை 1953இலேயே இவ்வாறு செய்தார்கள்; அவ்வாண்டு வெளிவந்தவை 300 கார்களே. நம் நாட்டிலோ 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் டால்பினை நாடுவோர் குறைந்தனர். நாளடைவில் அது சாலையை விட்டே மறைந்தது.

பெங்களூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வாப்பா, 1987இல் ஊரோடு வந்து சேர்ந்தபோது, ஒருவர் ஓட்டிக் கழித்த டால்பினை விலை பேசி வாங்கி வந்தார்கள். “உப்புக் காற்றுக்குத் தகரம் துருப்பிடிக்கும், இது பிடிக்காது” என்பது அவர்கள் சொன்ன காரணம். அடிச்சட்டம் இரும்பு என்பதால் ஆண்டுதோறும் அதற்கு மட்டும் வண்ணம் அடிப்பார்கள். 2009இல் அவர்கள் மறையும்வரை, 22 ஆண்டுகள், அந்தக் காரில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது என் குடும்பப் பெருமைகளுள் ஒன்று. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2023 தை மாதத்தில், சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து தன் உம்மாவை அழைத்து வருவதற்காக என் தங்கை மகன் அக்காரைக் கேட்டான். ஆறு வயதில் தன் வாப்பாவை இழந்தவன். என் வீட்டில் வளர்ந்தவன். அப்பொழுது அவனுக்கு வயது 24. திரும்பி வருகையில், பு.முட்லூரைத் தாண்டிச் சாலையின் குறுக்கே ஓடிய ஓர் ஆட்டுக்குட்டிக்காக வண்டியை ஒடித்தான். ஆடு பிழைத்தது. ஓரத்தில் நின்றிருந்த டிராக்டரின் பெட்டியில் காரின் இடப்பக்க மட்கார்டு மோதியது. விளக்கு நொறுங்கிற்று, அதைச் சுற்றிய மேனி வெடித்தது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் காயமில்லை.

செய்தி கேட்டு ஓடிய நான் முதலில் பார்த்தது தங்கையையும் அல்ல, அவனையும் அல்ல, காரைத்தான். சுற்றிலும் ஆட்கள் நிற்க, “இருபத்திரண்டு வருஷம் வாப்பா ஒரு கீறல் படாமல் காத்த வண்டி. வாப்பா கையில் வளராத பிள்ளை என்பதைக் காட்டிவிட்டாயே!” என்றேன். அனாதையாய் வளர்ந்த ஒருவனிடம் நாற்சந்தியில் சொல்லக்கூடிய சொல்லா அது? சொல்லி முடித்த கணத்திலேயே உணர்ந்தேன். உணர்ந்தும் வாய் மூடி நின்றேன். அவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தே ஊருக்குப் போனான்.

அடுத்த வாரம் காரை ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பழகிய கைக்காரர்கள். தகரம் அடிபட்டால் நசுங்கும். பின்னாலிருந்து தட்டினால் நிமிரும். கண்ணாடி இழை நசுங்குவதில்லை. சிற்றடியானால் வளைந்து தன் நிலைக்கு மீளும்; பேரடியானால் வெடிக்கும். வெடித்ததைத் தட்டி நிமிர்த்த வழியில்லை. ஆகவே அவர்கள் பிளவில் பட்டியை அப்பித் தேய்த்து மேலே நீலம் அடித்து, மூன்றாம் நாளே தந்துவிட்டார்கள். பார்வைக்குப் பழுதில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் மறைந்தது.

நோன்புப் பெருநாளன்று தங்கை மகனும் வந்தான். தழுவிக்கொண்டோம், வட்டிலப்பம் தின்றான், என் கையில் முத்தமிட்டான். எல்லாம் தீர்ந்தது என்று நான் மகிழ்ந்தேன். மாலையில், “காரிலேயே கொண்டுவிடுகிறேன் வா” என்றேன். “வேணாம் மாமா, நான் பஸ்ஸிலே போயிக்கிறேன்” என்றான். அவன் போன ஒரு வாரத்திற்குள், மட்கார்டில் பழைய இடத்திலேயே தலைமயிர் போன்ற ஒரு கோடு ஓடியிருப்பதைக் கண்டேன்.

என் பள்ளியில் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன்தான் வழி சொன்னான்: “எங்கப்பா படகுக்கு ஃபைபர் ஒட்டுறவர்தான் சார்.” 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையில் கட்டுமரங்கள் அருகி ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. படகின் மேனியும் என் காரின் மேனியும் ஒரே குலம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்த அன்பர் காரைப் பார்த்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மட்கார்டை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ‘ணங்’ என்று கேட்டது. பிளவை நெருங்க நெருங்க ஒலி மந்தமாயிற்று. விளக்கைக் கழற்றி உட்புறத்தில் வெளிச்சம் காட்டினார். அங்கே இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து பால்போல் வெளுத்திருந்தன. “வெளியே நாலு விரல் தெரியுது சார். உள்ளே ஒரு சாணுக்கு விட்டிருக்கு. மேலே பூசினா எப்படி நிக்கும்?” என்றார்.

வண்ணத்தைக் கரைக்கும் மருந்து எதுவும் ஆகாது, அது ரெசினையே தின்றுவிடும் என்று சொல்லி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். புது நீலம் போயிற்று. புதுப் பட்டி உதிர்ந்தது. பழைய நீலம் வந்தது. அதன் கீழே சாம்பல் நிறம். அதற்கும் கீழே சந்தன நிறம். அந்தச் சந்தன நிறத்தின் நடுவே, இரண்டு உள்ளங்கை அகலத்திற்குக் கெட்டியான, பழுத்த பழைய ஒட்டு ஒன்று வெளிப்பட்டது. அவர் கையை நிறுத்தினார். “இது முன்னாடியே அடிபட்ட வண்டி சார். முப்பது வருசம் இருக்கும். நல்லாத்தான் செஞ்சிருக்காங்க.”

“இருக்கவே முடியாது” என்றேன். அவர் மறுக்கவில்லை; ஒட்டை விரலால் காட்டினார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். உம்மா சிரித்தார்கள். “வாங்கி வந்த மூணாம் மாசமே நம்ம திண்ணைத் தூணுல இடிச்சாங்க உங்க வாப்பா. லாரியில ஏத்தி பெங்களூருக்கு அனுப்பிச் சரி பண்ணினாங்க. நிறம் ஒத்து வரல. அதான் வண்டி முழுக்க நீலம். பிள்ளைங்ககிட்ட சொல்லாதேன்னாங்க, சொல்லல. இப்ப நீ கேட்டே, சொல்றேன்.” அப்பொழுது நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது, நீல நிறம் உம்மாவுக்குப் பிடிக்கும் என்று வாப்பா சொன்னதும், உம்மா தலை குனிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தன.

வாப்பாமீது எனக்குக் குறையேதும் தோன்றவில்லை, என்மீதுதான் தோன்றிற்று. எந்தப் பெருமையைக் கல்லாக எடுத்து ஒரு பிள்ளையின் நெஞ்சில் எறிந்தேனோ, அந்தப் பெருமையே பொய்யாயிருந்தது. மெய்யாயிருந்தாலும் எறிந்திருக்கக் கூடாது; பொய்யென்று தெரிந்தபின் வாளாவிருக்க முடியவில்லை. அன்று மஃரிபுக்குப் பின் தங்கை வீட்டுக்குப் போனேன். வாப்பாவின் தூண் கதையைச் சொன்னேன். நாற்சந்தியில் நான் சொன்ன சொல்லை மறுபடியும் என் வாயாலேயே சொல்லி, “இதற்காக என்னை மன்னித்துவிடு” என்றேன். பெருநாளன்று தழுவியபோது அந்தச் சொல்லை நான் தொடவே இல்லை. அவன் வெகுநேரம் பேசவில்லை. “நாளைக்கு ரெசின் போடுகிறார்கள், இரண்டு கை போதாதாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் எனக்கு முன்னமே கொட்டகையில் நின்றான்.

படகுக்காரர் முதலில் செய்தது எனக்கு வியப்பளித்தது. பிளவை மூடுவதற்கு மாறாக அகலப்படுத்தினார். பிளவு மேலும் ஓடாதபடி அதன் நுனியில் சிறு துளையிட்டார். பிறகு வெளுத்த பகுதி முழுவதையும் நீக்கி, சுற்றியிருந்த நல்ல பகுதியையும் சரிவாகத் தேய்த்தார். கனம் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரிவு 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். எங்கள் மட்கார்டு 3 மில்லிமீட்டர், ஆகவே சுற்றிலும் 36. புதியது பழையதன்மீது அகலமாகப் படிந்தால்தான் பிடிக்கும் என்றார். அடுத்து, விலகி நின்ற இரு விளிம்புகளையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவந்து, மேலே மரப்பத்தைகளைக் குறுக்கே வைத்துத் திருகாணியால் பிணைத்தார்.

அதைக் கண்டதும் என் மனத்தில் ஒரு சொல் எழுந்தது: ‘ஜபீரா’. முறிந்த கைக்கு வைத்துக் கட்டும் பத்தைக்கு அரபியில் அதுதான் பெயர். ஒளுச் செய்பவர் அக்கட்டை அவிழ்க்காமல் அதன்மீது ஈரக்கையால் தடவினால் போதும் என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோம். எலும்பு கட்டுபவர் ‘முஜப்பிர்’. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி இயற்றிய கணித நூலின் பெயரிலும் இந்த ‘அல் ஜப்ர்’ உண்டு. சமன்பாட்டில் கழிந்து குறைந்திருப்பதை நிறைவாக்குவதை அவர் அவ்வாறு குறித்தார். அல்ஜீப்ரா என்று உலகம் வழங்குவது அதுவே. ஸ்பானிய மொழியில் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்ற சொல் எலும்பு கட்டுபவரையும் குறித்தது. ஆனால் ஜப்ர் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வலுக்கட்டாயம். பட்டறையில் நடந்ததும், பெருநாளன்று என் வீட்டில் நடந்ததும் அந்த இரண்டாம் பொருளில் அமைந்த ஜப்ர். சேர்ந்துவிட்டது என்று நாமே தீர்ப்புச் சொல்லி மேலே வண்ணம் பூசிய செயல்.

ரெசினில் முதலில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்கினார். அதன் பின்னரே கேட்டலிஸ்ட். இவ்விரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடிக்கும் என்று தங்கை மகனை எச்சரித்தார். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை அளவு. சித்திரை வெயிலுக்குக் குறைவாகவே விட்டார். மிகுந்தால் டப்பாவிலேயே கொதித்துப் புகைந்து கெட்டுப் போகும். கலந்தபின் அரை மணி நேரத்திற்குள் வேலை முடிய வேண்டும். மூன்றாவது, நான்காவது கை தேவைப்பட்டது அதற்காகத்தான். முதல் நாள் உட்புறத்தில் இரண்டு அடுக்கு. அது இறுகியபின் பத்தைகளை எடுத்துவிட்டு, மறுநாள் வெளிப்புறத்தில் மூன்று அடுக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைவிரிப்பு, ஓர் அடுக்கு இறுகினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். அதைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்கச் சொன்னார். கிழிந்த ஓரத்தின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து விளிம்பு தெரியாமல் மறையும். தங்கை மகன் கிழித்துக் கொடுத்தான். நான் உருளையால் காற்றுக் குமிழிகளை அழுத்தி வெளியேற்றினேன். நாங்கள் அதிகம் பேசவில்லை. “மாமா, அந்த ஓரத்துல ஒரு குமிழ் இருக்கு” என்பான், நான் உருட்டுவேன்.

உடனே வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டேன். “பத்து நாள் வெயில் காயட்டும் சார். ரெசின் இன்னும் சுருங்கும். இப்ப அடிச்சா இழையோட அச்சு மேலே தெரியும்” என்றார். காத்திருந்தோம். பின்னர்க் காகிதக் கனத்திற்கு மட்டும் பட்டி. 80, 220, 400, 800 என்று எண் ஏற ஏற நயமாகும் தாள்களால் தேய்ப்பு. இடையே கறுப்பு வண்ணத்தைப் புகைபோல் தூவித் தேய்த்தார். பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு எஞ்சி நின்று காட்டிக் கொடுத்தது. கண்ணை மூடிக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்குத் தப்பவில்லை. நீலத்தையும் பழைய டப்பாவின் எண்ணைப் பார்த்துக் கலக்கவில்லை. பக்கத்துக் கதவு வெயிலில் வெளுத்திருந்த அளவுக்குத் தணித்துக் கலந்து, மட்கார்டு முழுவதற்கும் அடித்தார்.

உட்புறத்து ஒட்டுக்கு வண்ணம் பூசட்டுமா என்று அவர் கேட்டபோது, “வேணாம்ணே, அப்படியே இருக்கட்டும்” என்று தங்கை மகன் சொன்னான். இன்றும் முன்மூடியைத் திறந்தால் அது தெரியும். வாப்பாவின் ஒட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஒட்டு. கார் பார்க்க வருகிறவர்களுக்கு அவன்தான் காட்டுகிறான்: “இது பாட்டனார் இடிச்சது, இது நான் இடிச்சது.” ஒரு கீறலும் படாத வண்டி என்று நான் இப்பொழுது யாரிடமும் சொல்வதில்லை.

அந்த ஆண்டு பள்ளி திறப்பதற்கு முதல் நாள், தங்கை சென்னையிலிருந்து ரயிலில் வந்தாள். சாவி ஆணியில் தொங்கிற்று. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “எடு” என்றேன். அவன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.