கதவைத் தட்ட ஓர் ஆள்

அம்மாவுக்கு 76 வயது. அங் மோ கியோவில் நாலறை வீட்டில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தவரால் எழ முடியவில்லை. கைப்பேசியோ படுக்கையறையில். காலை ஒன்பது மணியாகியும் வாசலில் நாளிதழ் அப்படியே கிடந்ததைப் பார்த்த எதிர்வீட்டு மலாய் அக்காதான் எனக்கு அழைத்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த ஏழு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வாரமே பிள்ளைகள் மூவரும் கூடினோம். அண்ணன் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். தம்பி, பணிப்பெண் வைக்கலாம் என்றான். நான் என் பங்குக்குத் தகவல் திரட்டினேன்.

டென்மார்க்கில் முதியவர்கள் பலர் சேர்ந்து குடியிருப்பு அமைத்து, சில வேளை உணவையும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் அதற்குச் சற்று நெருங்கி வருவது சமூகப் பராமரிப்பு வீடு. 2021ல் புக்கிட் பாத்தோக்கில்தான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. ஏறத்தாழ 32 சதுர மீட்டர். குத்தகை 15 முதல் 35 ஆண்டுகள். 24 மணி நேர அவசர உதவி, மாடிதோறும் பொதுக்கூடம் எல்லாம் உண்டு. சேவைக் கட்டணம் கட்டாயம். ஈரறை ஃபிளெக்சி வீட்டில் அந்தக் கட்டணம் இல்லை. அந்தச் சேவைகளும் இல்லை. எதை வாங்கினாலும் இப்போதுள்ள வீட்டை விற்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழ்திக்கொண்டு போனேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். குத்தகை குறைந்தது 95 வயது வரை வரவேண்டும், அவருக்கு 20 ஆண்டு எடுக்கவேண்டியிருக்கும் என்றதும் சிரித்துவிட்டார்.

“அரசாங்கமே எனக்கு 96 வயசு போட்டிருக்கு. நீங்கதான் அவசரப்படுறீங்க.”

எங்கள் மூவருக்கும் சுருக்கென்றது. அம்மாவின் பாதுகாப்பைத் தேடினோமா, எங்கள் நிம்மதியையா?

“அண்ணன் வீட்டுல பகல் பூரா யாரும் இருக்கமாட்டாங்க. அங்க விழுந்தாலும் சாயந்தரம் வரைக்கும் கிடக்கணும். அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது எதிர்வீட்டுக்காரிடி. முப்பது வருஷமா தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுக்குறேன், பெருநாளுக்கு அவ பலகாரம் கொடுக்குறா. அது உன் தாள்ல எந்தக் கட்டத்துல இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு அம்மா அங்கேயே இருக்கிறார். குளியலறையில் கைப்பிடி பொருத்தி, வழுக்காத தரை போட்டாயிற்று. கைப்பேசி கழுத்தில் தொங்குகிறது. ஒரு சாவி எதிர்வீட்டில். தினமும் காலை எட்டு மணிக்கு அம்மா அந்தக் கம்பிக்கதவைத் தட்டுவார். தட்டாவிட்டால் அவர் வந்து தட்டுவார். இது நெடுநாளைக்குப் போதாது என்பது அம்மாவுக்கும் தெரியும். பக்கத்திலேயே பராமரிப்பு வீடு வந்தால் விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறார், கைகால் நன்றாக இருக்கும்போதே. “அப்பதானே புது இடத்துலயும் நாலு பேருக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்க முடியும்,” என்கிறார்.

எனக்கு 51 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே புளோக்கில் இருக்கிறேன். என் எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. போன தீபாவளிக்கு அம்மா கொடுத்த முறுக்கில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போய், முதன்முறையாக அந்தக் கதவைத் தட்டினேன்.