ஒருமையும் பன்மையும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் எழுதியபோது, எமது தொழிலைப் பற்றி எழுதுவதா என்று சிறிது தயங்கினோம். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர்கள் வைத்தியராயினர், பொறியியலாளராயினர். யாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை மீள்காப்புறுதிக் கோப்புகளைப் புரட்டுவதிற் கழித்தோம். அஃது யாதென்று ஊரிலே எவரேனும் வினவினால், காப்புறுதிக் கம்பனி தனக்குச் செய்துகொள்ளும் காப்புறுதி என்று கூறி அமைவோம். கேட்டவர் நகைப்பர். ஆயின் 1842 இல் ஹம்பேர்க் நகரமும் 1861 இல் சுவிற்சலாந்தின் கிளாறஸ் நகரமும் எரிந்தபோது, அவ்வூர்க் காப்புறுதி நிலையங்களின் கையிருப்பு நட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதன் பின்னரே 1846 இல் கொலோனிலும் 1863 இல் சூரிச்சிலும் மீள்காப்புறுதிக்கென்றே கம்பனிகள் எழுந்தன. ஓரூரார் தலையில் விழும் சுமையைப் பல தேசத்தார் பகிர்ந்து தாங்குவதே இதன் உட்பொருள்.

எழுபதுகளின் தொடக்கத்திலே சிங்கப்பூரில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இளநிலை எழுதுவினைஞராயிருந்தோம். எமது சிறிய தந்தையார் அங்கிருந்தமையாற் கிடைத்த உத்தியோகம் அது. ஓரிரவு ஆற்றங்கரையிலிருந்த இறப்பர்ப் பண்டசாலைகள் இரண்டு எரிந்தன. ஒன்று முன்னிரவிலே பற்றியது. இரண்டு கட்டடம் தள்ளியிருந்த மற்றையது விடியற்புறத்திலே பற்றியது. இரண்டும் எமது கம்பனியிலே காப்புறுதி செய்யப்பட்டவை. இலண்டன் மீள்காப்புறுதியாளரோடு இருந்த உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் முதல் ஓரிலட்சம் வெள்ளி எமது பங்கு. மிகுதி அவர்கள் பங்கு. ஆகவே அவ்விரவு நடந்தது ஒரே நிகழ்வாயின் எமக்கு ஓரிலட்சம். இரு நிகழ்வாயின் இரண்டிலட்சம்.

எமது பகுதித் தலைவர் ஒரு முதிய சீனர், சொற்சிக்கனம் உடையவர். "ஆற்றங்கரைத் தீயினால் நட்டம், விபரம் பின்னர்" என்ற பொருள்பட ஆங்கிலத்திலே தந்தி ஒன்று சொன்னார். யாமோ கல்லூரியில் ஆங்கில இலக்கணத்துக்குப் பரிசு பெற்றவரல்லவா! பண்டசாலைகள் இரண்டு, பற்றிய நேரமும் இரண்டு, ஆகவே ஒருமை பிழையெனக் கண்டு, தட்டச்சிலே "தீ" என்பதைப் பன்மையாக்கினோம். அவர் வாசியாமலே கையொப்பமிட்டார். மூன்றாம் வாரம் இலண்டனிலிருந்து பதில் வந்தது. தீக்கள் ஒன்றுக்கு மேற்பட்டவையென நீங்களே தந்தியிற் கூறியிருத்தலின், இரு நிகழ்வுகளாகவே கணக்கிடுகின்றோம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஒரு தந்திச் சொல் வழக்கைத் தீர்த்துவிடாது என்று வாதிட இடமுண்டு. ஆயின் மீள்காப்புறுதியாளரோடு வழக்காடிய சிறு கம்பனிக்கு, அடுத்த ஆண்டு உடன்படிக்கை புதுப்பிக்கும் வேளையிலே முகங்கொடுப்பார் அரியர்.

ஒரு சொல் இத்துணைக் கனப்பதற்குக் காரணமுண்டு. இலண்டனிலிருப்பவர் பண்டசாலையைக் கண்டவரல்லர். அதன் உடைமையாளரையும் அறியார். எமது சொல்லை நம்பியே சுமையை ஏற்கின்றார். 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு, சுமாத்திராவிலே பிரெஞ்சுக்காரர் பிடித்த ஓர் ஆங்கிலக் கோட்டை பற்றிய வழக்கிலே, காப்புறுதி செய்வோன் தான் மாத்திரம் அறிந்ததை மறைக்கலாகாது என்ற நன்னம்பிக்கை விதியை வகுத்தார். (அவ்வழக்கிலே வென்றவர் காப்புறுதி செய்தவரே என்பதைப் பலர் மறந்துவிடுவர்.) பின்னாளில் அவ்விதி மிகக் கடுமையாயிற்று, முக்கியமான ஒன்றைச் சொல்லத் தவறினால் ஒப்பந்தம் முழுவதையுமே தள்ளிவிடலாம் என்றாயிற்று. 2015 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், 2016 ஆவணியில் நடைமுறைக்கு வந்து, தவற்றின் தன்மைக்கேற்ற பரிகாரமே உண்டு என அதனைத் தளர்த்தியது.

ஒரு நிகழ்வா, பலவா என்னும் வினா அக்காலத்திலேயே பெரியதோர் இடத்திலும் எழுந்திருந்தது. 1970 புரட்டாதியில் கடத்தப்பட்ட விமானங்களுள் மூன்று யோர்தான் பாலைவனத்து டோசன் களத்திலே தகர்க்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன்னர் ஒன்று கெய்ரோவிலே தகர்க்கப்பட்டது. மீள்காப்புறுதிப் பிணக்கை விசாரித்த நடுவர் மைக்கல் கெர், 1972 இல், காலமும் இடமும் காரணமும் செய்தோர் நோக்கமும் ஒன்றியமையால் பாலைவனத்து மூன்றும் ஒரே நிகழ்வு, கெய்ரோவிலே நடந்தது வேறு என்று தீர்த்தார். 1990 இல் ஈராக்கியப் படை குவைத் விமான நிலையத்திலே கைப்பற்றிய 15 விமானங்களுக்கும் இதே அளவுகோலையே ஆங்கில நீதிமன்றம் பின்னர் வைத்தது. 2001 இல் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, நிகழ்வு என்பதற்கு வரைவிலக்கணம் எழுதப்பட்ட பத்திரங்களால் கட்டுண்டோருக்கு அது ஒன்றாயிற்று. வரைவிலக்கணம் இல்லாத ஒன்பது காப்புறுதியாளருக்கு 2004 இல் அது இரண்டாயிற்று. ஒரே காலைப்பொழுது, இரு தீர்ப்புகளும் சரியே.

மிக அண்மையில், 2024 இல், ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தவை குழந்தைகள் காப்பகங்கள். கொரோனாத் தொற்றினால் 2020 பங்குனியிலே மூடப்பட்ட அவற்றுக்கு நட்டஈடு கொடுத்த கம்பனி, தன் மீள்காப்புறுதியாளரிடம் சென்றது. புயல் போலத் திடீரென வீசாத நோயொன்று "பேரிடர்" ஆகுமா என்பதே வினா. ஆகும் என்றது நீதிமன்றம். ஆயின் சந்தை அதற்கு முன்னரே விழித்துக்கொண்டது. தொற்றுநோயை நீக்கும் வாசகங்கள் 2020 முதல் உடன்படிக்கைகளிலே பரவலாயின. 2022 இல் புளோறிடாவை இயன் சூறாவளி தாக்கியபின், 2023 தைப் புதுப்பித்தலிலே மீள்காப்புறுதியாளர் விலையை ஏற்றியதோடு, தாம் பொறுப்பேற்கத் தொடங்கும் எல்லையையும் உயர்த்தினர். சிறு நட்டங்கள் ஊர்க் கம்பனியின் தலையிலேயே தங்கலாயின.

இஃது எங்கோ நடக்கும் வியாபாரம் என்று எண்ணற்க. 2001 ஆடியிலே கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபின், போர் ஆபத்துக் கட்டணம் ஏறி, கொழும்புக்கு வந்த கப்பல்கள்மேல் மேலதிகக் கட்டணம் விழுந்ததை நம் வணிகர் அறிவர். இலண்டனிலே ஒரு மேசையில் எழுதிய எண், புறக்கோட்டைக் கடையிலே விலையாகி நின்றது.

எமது கம்பனி இரண்டாவது இலட்சத்தைத் தானே ஏற்றது. பணிப்பாளர் சபை விளக்கம் கேட்டபோது, தந்தியிலுள்ள கையொப்பம் தம்முடையது என்று மாத்திரம் தலைவர் கூறினாராம். அவ்வாண்டு அவருக்குக் கிடைக்கவேண்டிய முகாமையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. எம்மிடம் அவர் சொன்னது, இனித் தந்திகளை அனுப்புமுன் வாசித்துக் காட்டும்படி என்பதே. யாம் வாய் திறந்தோமில்லை.

அவர் இளைப்பாறிய பின் அக்கோப்பு எம் கைக்கு வந்தது. தட்டச்சுப் படியின் அடியிலே, அக்கால வழக்கப்படி, தட்டச்சு செய்த எமது பெயரின் முதலெழுத்துக்கள் இருந்தன. சபைக்கு அனுப்பிய படியோ அஃதன்று. அவர் தம் கையாலேயே எழுதிய பிரதி ஒன்று. அதன் அடியிலே அவர் பெயர் மாத்திரமே இருந்தது.