கடல் கடக்கும் அல்பாக்கா

நம்மவருள் வயது முதிர்ந்தவர்களுக்கு ‘அல்பாக்கா கோட்டு’ என்னும் பெயர் நினைவிருக்கும். நம் பாட்டனார் காலத்தில் வக்கீல்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் வேஷ்டியின்மேல் அணிந்து சென்ற கறுப்புக் கோட்டு அது. பளபளப்பும் மென்மையும் வாய்ந்த அத்துணி எந்தப் பிராணியின் ரோமத்தால் ஆனது என்பதை, அதை அணிந்தவர்களுள் அறிந்தவர் சிலரே. நானும் நெடுங்காலம் அறியாதவனாகவே இருந்தேன். சென்ற நவம்பர் மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையின் வேலியோரம் நின்றபோதுதான் அப்பிராணியை முதன்முதலாக நேரில் கண்டேன்.

சிட்னி நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் சென்றால் கோல்பர்ன் என்னும் ஊர் வரும். ஆட்டு ரோமத்தால் செழித்த ஊர். ஊரின் ஓரத்தில் 15 மீட்டர் உயரமுள்ள சிமெண்டு ஆட்டுக்கடா ஒன்றைப் பெருமையோடு எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னரே மருலன் என்னும் சிற்றூர். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளிகள். இடையிடையே யூகலிப்டஸ் மரங்கள். நான் கண்ட பண்ணை அந்தப் பக்கத்தில் உள்ளது.

பிராணியின் இயல்பு

அல்பாக்கா ஒட்டக இனத்தைச் சேர்ந்தது. ஆனால் திமில் கிடையாது. நீண்ட கழுத்தும், ஈட்டிமுனை போன்ற காதுகளும், பெரிய கருவிழிகளும் உடையது. தோள் வரை மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரம். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இன்றும் உலகத்து அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெரு தேசத்திலேயே இருக்கின்றன. அங்கே கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டருக்கு மேல், வேறு பயிர் எளிதில் விளையாத உயரங்களில், மலைவாசிகள் விக்குன்யா என்னும் காட்டுப் பிராணியைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கி இதை உண்டாக்கினார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. பஞ்சுப் பொதிபோல் ரோமம் செறிந்து நிற்பது ‘உவகாயா’. சடை சடையாகத் தொங்குவது ‘சூரி’. பெட்டை ஏறத்தாழ பதினொன்றரை மாதம் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அதுவும் பெரும்பாலும் முற்பகலிலேயே ஈனும். மலைமேல் இரவுக் குளிர் கடுமையானது. பொழுது சாய்வதற்குள் குட்டியின் உடல் உலர்ந்துவிட வேண்டும் அல்லவா? கடல் கடந்து வந்த பின்னும் அவை அவ்வழக்கத்தை விடவில்லை. சாணம் போடுவதற்கு மந்தை முழுவதற்கும் பொதுவாக ஓரிடம் வைத்துக் கொள்ளும். கோபம் வந்தால் காறி உமிழும். கருவுற்ற பெட்டை, ஆணை அருகில் விட்டால் உமிழ்ந்து துரத்தும். பண்ணைக்காரர்கள் கருவை அறிவதற்கு இதையே முதல் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. அல்பாக்கா தனித்து வாழாது. கூட்டத்தை விட்டுப் பிரித்தால் ‘ம்ம்... ம்ம்...’ என்று முனகிக்கொண்டே இருக்கும். தீனி எடுக்காது, மெலிந்து போகும்.

லெட்ஜர் கொணர்ந்த மந்தை

இந்தப் புல்வெளிகளுக்கு அல்பாக்கா வந்தது இது இரண்டாம் முறை. முதல் முறை வந்த கதை விசித்திரமானது.

1830-களில் டைட்டஸ் ஸால்ட் என்னும் ஆங்கில ஆலை முதலாளி இந்த ரோமத்தை நேர்த்தியாக நெய்யும் வழி கண்டார். விலை ஏறிற்று. பெரு அரசாங்கம் உயிருள்ள அல்பாக்காவை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று தடை விதித்தது. சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வியாபாரி, ஆட்களோடு மந்தையைப் பொலிவியா, அர்ஜென்டினா வழியாக மலைமேலேயே பல ஆண்டுகள் நடத்திச் சென்றார். பனிப்புயலில் பல பிராணிகள் மாண்டன. மிஞ்சியவற்றைச் சிலி தேசக் கரையில் கப்பல் ஏற்றி, 1858 நவம்பரில் சிட்னியில் இறக்கினார். அப்போது மந்தையில் 250-க்கு மேற்பட்டவை உயிரோடிருந்தன. காலனி அரசாங்கம் 15,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கியது. மருலனுக்கு அருகேயுள்ள ஆர்தர்ஸ்லீ என்னும் பண்ணையில் அவை வைக்கப்பட்டன.

ஆனால் சில ஆண்டுகளிலேயே அரசாங்கத்தின் உற்சாகம் தணிந்தது. செலவு குறைக்கப்பட்டது. 1860-களின் நடுவில் மந்தை கலைந்து சிதறியது, முயற்சி பாழாயிற்று. மலையையும் பனியையும் கடலையும் தாண்டி வந்தவை, வந்து சேர்ந்த இடத்தில் ஆதரவின்றி மறைந்தன.

லெட்ஜரின் பெயர் வேறொரு வகையில் நிலைத்தது. 1865-இல் அவருடைய பொலிவியப் பணியாளர் மானுவேல் இன்க்ரா மமானி, கொயினா சத்து மிகுந்த சின்கோனா மரத்தின் விதைகளைத் திரட்டித் தந்தார். அவ்விதைகளில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் பயிரிட்டார்கள்; ஒரு பகுதி இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த வெள்ளையர் ஒருவர் கைக்கு வந்தது. நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், வேறொருவர் முயற்சியால், அதற்குச் சில ஆண்டு முன்னரே சின்கோனா தோட்டங்கள் தோன்றியிருந்தன. லெட்ஜர் விதையின் மரம் அவற்றினும் மிகுந்த கொயினா தந்தது. மமானியோ, பின்னர் விதை திரட்டப் போனபோது பிடிபட்டு, அடியுண்டு, 1871-இல் உயிர் துறந்தார். லெட்ஜர் 1905-இல் சிட்னியில் ஏழையாகவே இறந்தார்.

பிரயாணத்துக்கு முன்

1980-களின் பிற்பகுதியில் அல்பாக்கா மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. இம்முறை நிலைத்தது, இப்போது இங்கிருந்து பிற நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. நான் சென்ற சமயம் அப்பண்ணையிலிருந்து 60 பெட்டைகள் சீனத்துக்கு விமானம் ஏறக் காத்திருந்தன.

என்னை உள்ளே விடவில்லை! நம் நாட்டில் மாடுகளுக்குக் கோமாரி வருவது அவர்களுக்குத் தெரியும்; ஆஸ்திரேலியாவில் அந்நோய் இல்லை. நான் இந்தியாவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தும், பண்ணையின் எஜமானி அம்மாள் என் செருப்பை வாயிலிலேயே வாங்கி வைத்து, ரப்பர் பூட்ஸ் கொடுத்து, மருந்து நீரில் மிதிக்கச் செய்து, இரட்டை வேலிக்கு வெளியே நிறுத்தினார். ‘உங்களிடம் குறை சொல்லவில்லை. உங்கள் காலடியில் ஒட்டி வரும் ஒரு துளி மண்ணுக்கே இவ்வளவு பயம்’ என்று சிரித்தார். எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒரு துளி, ஒரு தேசத்தின் கால்நடையையே கெடுக்கக் கூடும்.

தனிமைக் காலத்தின் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்த மந்தைக்கு முப்பது நாள். வேலிக்குள் புதிய பிராணி எதுவும் நுழையலாகாது. நுழைந்தால் நாட்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். பக்கத்துப் பண்ணை ஆடுகள் மூக்கை நீட்டித் தொடாமலிருக்கவே இரண்டு வேலிகள். ஒவ்வொரு பிராணியின் அடையாள எண்ணையும் சரிபார்க்கிறார்கள். ரோமம் முன்னரே கத்தரிக்கப்பட்டுவிடுகிறது. வெக்கை தணிவதோடு, புல்விதைகளும் பூச்சிகளும் ஒளிந்து செல்ல இடமில்லாமற் போகிறது. நகங்களைச் சீவுகிறார்கள், குடற்புழுவுக்கு மருந்து புகட்டுகிறார்கள். கால்நடை வைத்தியர் கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறார். நீலநாக்கு நோய், கருச்சிதைவு நோய் முதலியவை இல்லையென்று சான்று வரவேண்டும்.

விமானத்தில் காற்றோட்டமுள்ள மரக்கூண்டுகளில், அளவொத்தவற்றைக் கூட்டாக ஏற்றுவார்கள். விமானம் எழும்பியதும் அவை கால்களை மடக்கி அமர்ந்து, அசை போட்டுக்கொண்டே போகுமாம். கரு முதிர்ந்தவற்றை ஏற்றுவதில்லை. போய் இறங்கிய இடத்திலும் மறுபடி ஒரு தனிமை வாசம் உண்டு.

ஒன்றுக்குத் துணை ஒன்று

நான் அங்கிருந்த இரண்டாம் நாள், சோதனைச் சாலையிலிருந்து செய்தி வந்தது. மான்நிறப் பெட்டை ஒன்றின் இரத்தத்தில் முடிவு ஐயத்துக்கிடம். மறு சோதனை செய்யலாம். ஆனால் முடிவு வருவதற்குள் விமான நாள் தாண்டிவிடும். அதை வைத்திருந்தால் 60-ம் நிற்கும். உடனே பிரித்துவிட வேண்டும். முடிவு தெரியும் வரை வீட்டு மந்தையிலும் சேர்க்க முடியாது.

அதைத் தனிப்பட்டியில் விட்டார்கள். அன்று மாலையும் மறுநாள் காலையும் அது வைக்கோலைத் தொடவில்லை. வேலியோரம் நின்று முனகிக்கொண்டே இருந்தது. உள்ளிருந்து இன்னொரு பெட்டை பதில் கொடுத்தது. இரண்டும் ஒரே பருவத்தில் பிறந்து ஒன்றாய் மேய்ந்தவை என்றார் அம்மாள். சிறிது நேரம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து போய், எல்லாச் சோதனையிலும் தேறி விலையும் பேசியாகிவிட்ட அந்த இரண்டாவதையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். ஒரு முறை வெளியே வந்தது திரும்ப உள்ளே போக முடியாது. ஒரு பிராணியின் விலை முழுவதும் நஷ்டம்.

‘இவ்வளவு பெரிய நஷ்டம் வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னது இது: ‘விமானம் ஏற்றுவது பெரிய காரியம் அன்று. இறங்கிய இடத்தில் முதல் குளிர்காலத்தைத் தாண்டவைப்பதே காரியம். நான் நேற்று இவற்றை வாங்கி இன்று விற்பவள் அல்லள். பக்கத்தில் துணை இருந்தால் எந்த இடத்தையும் அவை பழகிக்கொள்ளும்.’

லெட்ஜரின் மந்தை அழிந்த நிலத்துக்கு அருகிலேயே இதைக் கேட்டேன். ஊர்விட்டு வந்து, முதல் ஆண்டில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையிலோ, ஊர்க்காரர் ஒருவரின் அறையிலோ ஒண்டியிருந்து தலைநிமிர்ந்த நம்மில் பலருக்கு இது புதிய செய்தி அன்று.

மறுநாள் காலை நான் விடைபெற்றபோது 58 பிராணிகளுக்கு உரிய தாள்களை வைத்தியர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தனிப்பட்டியில் அந்த இரண்டும் ஒரே தொட்டியில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. என் செருப்பைக் கழுவி வாயிலில் வைத்திருந்தார்கள்.