ஹெரால்டுக்கு எந்த நிறம்?

கோவை கணபதிப் பக்கம் இருந்த அந்தப் பட்டறையில், சீட்டும் கண்ணாடியும் கழற்றிய நிலையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நின்றது. வெளியே அடர் சிவப்பு, ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை. மேஸ்திரி இரண்டையும் நம்பவில்லை. "புக்கே டூப்ளிகேட்டுங்க. அன்னைக்கு என்ன கலர்ல இருந்துச்சோ அதை எழுதியிருப்பாங்க" என்றார்.

இங்கிலாந்தில் பழைய டிரையம்ப் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து நிறத்தைச் சான்றிதழாகவே தந்துவிடும். 1961 முதல் சென்னையில் தயாரான அதன் நம்மூர் வடிவமான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மேஸ்திரியிடம் இருந்த பதிவேடு வாட்டர் பேப்பர்தான்.

டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, சோப்புத் தண்ணீர் விட்டு ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்தார். அவசரமே இல்லை, விரல் நுனிதான் வேலை செய்தது. வளையங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன: சிவப்பு, சாம்பல் சர்ஃபேசர், வெள்ளை, மஞ்சளாய்ப் பட்டி, அதற்குக் கீழே வெளிர்நீலம், பிரைமர், நடுவில் தகடு. பட்டி வைத்த பிறகு அடித்தது வெள்ளை. அதாவது ஒடுக்கு எடுத்தபின் ஏதோ பட்டறையில் அடித்தது. நீலமோ நேராகப் பிரைமர் மேல் உட்கார்ந்திருந்தது. தின்னர் தொட்ட துணியால் துடைத்தபோது வெள்ளை கரைந்து துணியில் ஒட்டியது, நீலம் அசையவில்லை. சூளையில் சுட்ட எனாமல் அப்படித்தான் நிற்கும்.

ஆனால் பானெட்டில் தேய்த்தால் நீலமே இல்லை, பச்சை. உதவிக்கு நின்ற பையன் குழம்பிப்போனான். ஹெரால்டின் உடல், தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டிய துண்டுகள். அடிபட்டால் வேறு வண்டியின் பானெட் அப்படியே வந்து உட்காரும். அதனால் ஓரிடத்துச் சாட்சி செல்லாது. டாஷ்போர்டுக்குப் பின்னாலும் கதவுத் தூணிலும் பார்த்தார். இரண்டிலும் நீலம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான வேலையே இனிதானாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த நீலம் லேசாகப் பச்சை தட்டியது. எண்ணெய் கலந்த எனாமல் இருட்டிலேயே கிடந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சம் பட்டால் அது ஓரளவு தெளியும். அங்கிருந்து கழற்றிய ஒரு பிராக்கெட்டைக் கம்பவுண்ட் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்திருந்தார். பெயின்ட் கடைக்காரர் கொண்டுவந்த ஸ்கேனர் இன்றைய நிறத்தைச் சரியாகவே படித்தது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைய நிறத்தை அதனிடம் கேட்பது நம் பேராசை. மேஸ்திரி அந்த ஃபார்முலாவில் தொடங்கி, மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துக் கலந்தார். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த பிராக்கெட்டின் நீலமும் கலந்த நீலமும் வாசலுக்கு வந்ததும் பிரிந்தன. பிக்மென்ட் வேறு என்றால் அப்படித்தான் ஆகும். இந்தக் கண்ணுக்குத் தனிக்கூலி பில்லில் கிடையாது. டிங்கரிங், பெயின்டிங் என்ற இரண்டு வரிதான்.

மாலையில் உரிமையாளர் வந்தார். நீலம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. "அதையே மெட்டாலிக்ல அடிச்சிரலாங்களா?"

பையன் என்னைப் பார்த்தான். மேஸ்திரி முகம் மாறவில்லை. "ரெண்டு தகட்டுல ரெண்டையும் அடிச்சு வைக்கறேனுங்க. காலையில வெயில்ல வந்து பாருங்க. ஆனா மெட்டாலிக்னா ரேட் வேறீங்க" என்றார்.