பொறுமையில் கனியும் இரசம்

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெற்ற இயற்கை இரசமாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி. அதன் அருமையை எனக்கு உணர்த்தியவர், பலியிரசம் வடிக்க அரசு உரிமம் பெற்றிருந்த கொடைக்கானல் துறவற இல்லமொன்றின் முதிய சகோதரர். சில காலம் அவருக்குத் துணை நின்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை பழநி மலையேறி வரும். அழுகியவற்றை அகற்றி, எஞ்சியவற்றைத் தோலோடு பிசைந்து பெரிய பீங்கான் சாடிகளில் இடுவோம். சிவப்பு நிறம் தோலில் உள்ளது. ஆதலின், பொங்கி மேலெழும் தோலை நாள்தோறும் இருமுறை மரக்கரண்டியால் அமிழ்த்துவோம்.

ஒரு மார்கழியில் கடுங்குளிரால் பொங்குதல் நின்றுபோயிற்று. சர்க்கரை சேர்த்துப் பார்க்கலாமே என்றனர் சிலர். "பீடத்துக்குரியதில் வேறொன்றும் கலத்தலாகாது, தம்பி. பிறப்பு விழாவுக்கு இல்லையெனில் உயிர்ப்பு விழாவுக்கு ஆகட்டும்" என்றார் சகோதரர். சாடியை அடுப்பங்கரைக்கு மாற்றிக் கம்பளி போர்த்தினார். மூன்றாம் நாள் குமிழிகள் எழுந்தன. சாற்றைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் குளிரில் உறங்குமேயன்றி எளிதில் மடிவதில்லை. பொங்கி அடங்கியபின் வடிகட்டி, புட்டிகளைக் கழுத்துவரை நிரப்பி மூடினோம். காற்றுப்பட்டால் இரசம் காடியாகிவிடும். உயிர்ப்புப் பெருவிழாவன்று அது பீடமேறியது.

அன்பர்களே, கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகனோ மகளோ நம் இல்லத்தில் இருக்கலாம். அவர்களைக் கடிந்து விரட்டாமல், ஆசைகாட்டி அழைக்காமல், குடும்பச் செபத்தின் வெம்மைக்கு அருகில் இருத்தி வைப்போம். திருமுழுக்கில் பெற்ற உயிர் உள்ளே உறங்குகிறது.