பூனையின் சம்மதம்

வயதான பூனைக்கு டிரிப்ஸ் போடப் போனால் அநேகமாக எல்லா வீட்டிலும் முதலில் சொல்வது, "சன்னமான ஊசியா பார்த்துப் போடுங்க தம்பி" என்பதுதான். நான் போடுவது 18 அல்லது 20 கேஜ். பார்க்கத் தடியாகத்தான் இருக்கும். ஆனால் சன்ன ஊசியில் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை எந்தப் பூனையும் உட்கார்ந்திருக்காது. தடித்த ஊசி என்றால் 100 மில்லி சில நிமிடங்களில் இறங்கிவிடும். குத்துகிற ஒரு நொடியைப் பூனை மன்னித்துவிடுகிறது. நான்கு கைகள் சேர்ந்து அமுக்கிப் பிடித்திருந்ததை மன்னிப்பதில்லை. மறுநாள் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே பீரோவுக்கு அடியில் போய்விடும்.

டாக்டர் எழுதிக் கொடுப்பதை வீட்டுக்குப் போய் நடத்திவைப்பது என் வேலை. பெரும்பாலும் கிட்னி கேஸ்கள். பூனையின் கிட்னி ஏறக்குறைய முக்கால் பங்கு வேலையை இழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துப்போய், இழந்ததை ஈடுகட்டப் பூனை ஓயாமல் குடிக்கத் தொடங்கியிருக்கும். "இப்பல்லாம் நல்லா தண்ணி குடிக்குது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சம் அது. இரையில் இருக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளிய உடம்பு. அப்படிப்பட்டது கிண்ணத்தைத் தேடித் தேடிப் போனால், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டிரிப்ஸ் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் கீழே ஒரு பள்ளம் விழும். ஊசி போக வேண்டிய இடம் அது. ஏற்றிய நீர் தோலுக்கடியில் மேடாக நிற்கும், சமயத்தில் முன்னங்கால்வரை இறங்கித் தொங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போய் போன் செய்வார்கள். சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும்.

மருந்து இறங்கும்போது என் கண் பாட்டிலில் இருக்காது, வாலில் இருக்கும். நுனி மட்டும் அசைந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தம். முழு வாலும் தரையில் அடிக்கத் தொடங்கினால் அவ்வளவுதான். 60 மில்லியே இறங்கியிருந்தாலும் ஊசியை உருவிவிடுவேன். நோட்டிலும் 60 என்றே எழுதுவேன். இன்று முழுசாக ஏற்றிவிட்டு, நாளைக்குப் பூனையைப் பிடிக்கவே முடியாமல் போவதில் என்ன லாபம்?

சாப்பாட்டிலும் இதே கதைதான். கிட்னி பூனைக்குப் பாஸ்பரஸ் குறைந்த தீனி நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்கக் கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மாம்பலத்தில் ஒரு மாமி வீட்டில் 16 வயதுப் பூனை, அப்படித்தான் தட்டைத் தொடாமல் கிடந்தது.

"டாக்டர் இதைத்தானே போடச் சொன்னார்?"

"சாப்பிட்டாத்தான் மாமி அது மருந்து. இன்னிக்குக் கொஞ்சம் மீன் வேகவெச்சுக் குடுங்க. உப்பு வேண்டாம். முள்ளைச் சுத்தமா எடுத்துடுங்க, பாஸ்பரஸ் அதிலதான் அதிகம்."

வெங்காயம்கூட யோசித்து வாங்குகிற வீடு. மாமி ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை போனபோது கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி, பக்கத்தில் ஓர் ஊதுவத்தி. அந்த மீனில் கிட்னி தீனியைத் துளித்துளியாகக் கலந்து பழக்கியதும் மாமிதான், நானில்லை.

"வயசாயிடுச்சு, அதான் தாவறதில்லை" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை வைத்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது. மதில் ஏறுவதை விட்டுவிடும், இடுப்பை நக்க முடியாமல் ரோமம் சடை பிடிக்கும், நகம் தடித்து உள்ளே வளையும். மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் வெளியிலேயே போய்விட்டு அடி வாங்கும். தட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திக் கொடுத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் அது தைராய்டாக இருக்கலாம். மாதம் ஒருமுறை குழந்தை எடை மெஷினில் வைத்துப் பாருங்கள். நாலு கிலோப் பூனை 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரோமத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

டிரிப்ஸால் பூனை தெளிந்துவிட்டால், அடுத்து "இன்னும் கொஞ்சம் ஏத்துங்களேன்" என்று கேட்பார்கள். பலவீனமான இதயம் அத்தனை நீரைத் தாங்காது. தாங்காவிட்டால் மூச்சில் தெரியும்; தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண் ராத்திரியில் எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். 22, 24 என்று வந்துகொண்டிருந்தது ஒருநாள் 38 ஆனது. டிரிப்ஸ் வேண்டாம், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றேன். "அப்போ கிட்னியை அப்படியே விட்டுடறதா?" என்று அவள் தாத்தா சண்டைக்கு வந்தார். டாக்டர் நீர் இறங்க ஊசி போட்டுத்தான் அன்றைக்கு மூச்சு தணிந்தது.

எப்போது போதும் என்று நிறுத்துவது என்றும் என்னிடம் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சொல்வதில்லை. கிரியாட்டினின் 5ஐத் தாண்டினால் கடைசிக் கட்டம் என்பார்கள். அதற்கும் மேலே போன பூனை மீன் வாசனைக்கு அடுக்களை வாசலில் வந்து நின்று கத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் குறைந்த அளவிலேயே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட பூனையையும் பார்த்திருக்கிறேன். வீட்டார் குரலுக்குக் காதைக்கூடத் திருப்பாத பூனைக்கு நான் பையைத் திறப்பதில்லை. கடைசி ஊசியைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அதற்காகச் சில வீடுகளில் என்னை மறுபடி கூப்பிட்டதே இல்லை.