சுருள்வில்லும் சாக்குப்பையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டிலே சுரைக்காயை அழகாக வரையத் தெரிந்த ஒருவன், தன் வீட்டுக் கூரைமேல் காய்த்துத் தொங்கிய சுரைக்காயைப் பல காலம் ஏறிட்டுப் பாராமலே இருந்தான். அவன் கதைதான் இது. அவன் வேறு யாருமல்லன், நானே.

எங்கள் அப்பாவுக்குத் திருவிழாக்கள்தாம் பிழைப்பு. பலூன் சுடும் கடை வைத்திருக்கிறார். பங்குனிக்கு நார்த்தாமலை, சித்திரைத் தேருக்குச் சமயபுரம், செப்டம்பரில் வேளாங்கண்ணி என்று ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் செல்வது வழக்கம். மூங்கிலில் கட்டிய ஒரு படுதா, அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள், முன்னால் ஒரு பலகை, பலகைமேல் மூன்று ஏர் ரைபிள்கள். இவ்வளவே எங்கள் முதலீடு. அவற்றுள் ஒன்று தாத்தா வாங்கியது. பலூன் ஊதுவது அம்மாவின் வேலை. மாலை ஆறு மணிக்கு ஊதத் தொடங்கினால், சாமி புறப்பாடு முடியும்வரை அம்மாவின் கன்னங்களுக்கு ஓய்வு கிடையாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். என்னை அந்த வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது அந்த மூச்சுக்காற்றும் அந்த மூன்று துப்பாக்கிகளுமே.

ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தம்பி என்றே அதைச் சொல்லிவிடலாம். குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் பின்னால் நகர்ந்து, ஒரு தடித்த சுருள்வில்லை அமுக்குகிறது. விசையை இழுத்ததும் வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. அதற்கு முன்னுள்ள காற்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அழுந்தி, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைக் குழல் வழியே வெளியேற்றுகிறது. அவ்வளவு விரைவில் காற்று அழுந்தும்போது வெப்பம் வெளியேற நேரம் ஏது? வெப்பமாற்றீடற்ற நிகழ்வு என்று நாம் வகுப்பில் படிப்பது இதுதான். எண்ணெய் அதிகமாக விட்ட ரைபிள் சில வேளைகளில் புகை கக்குவதற்கும் இதுவே காரணம். டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றிக்கொள்வதும் இவ்வாறே.

பிஸ்டனின் முனையில் தோல் வாஷர் ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டால் காற்று கசியும். குண்டு தாழ்ந்து விழும். காசு கொடுத்துச் சுடுகிற பிள்ளைகள், "அண்ணே, துப்பாக்கி ஏமாத்துது" என்பார்கள். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் துப்பாக்கியைப் பிரித்து வாஷர் மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சுருள்வில் துப்பாக்கிக்குள் ஓய்வாக இருப்பதில்லை. சுடாத நேரத்திலும் அது ஓரளவு அழுத்தப்பட்டே இருக்கும். பின்முனையில் உள்ள விசைப்பெட்டி அதைத் தடுத்து நிறுத்துகிறது. விசைப்பெட்டியை இரண்டு குறுக்கு ஆணிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஆணிகளைத் தட்டி எடுத்தால், பெட்டி பின்னால் பாயும். அப்பா கையாண்ட முறை இது: கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைச் சுவரில் முட்டக் கொடுத்து, பின்முனையைச் சாக்குப்பையால் மூடி, நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆணியைத் தட்டுவார். ஆணி தட்டவும் ஒரு பழைய இரண்டங்குல ஆணியே கருவி.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் சாக்கு வழுக்கியது. விசைப்பெட்டி பாய்ந்து அப்பாவின் இடப்புருவத்தைக் கிழித்தது. ஐந்து தையல் போட்டார்கள். "ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்" என்றார் மருத்துவர். அப்பாவோ வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கூடம் முழுதும் தவழ்ந்து, தெறித்துப்போன ஆணியைத் தேடினார். நார்த்தாமலைத் திருவிழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

மறு வாரம் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த சோதனை என்ன தெரியுமா? சுருள்வில் மாறிலி காணல்! எடைகளைத் தொங்கவிட்டேன், நீட்சியைக் குறித்தேன், வரைபடம் போட்டேன். கோடு நேராக வந்தது. பேராசிரியர் பார்த்து, "நன்று" என்று கையெழுத்திட்டார். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அந்தத் தாளில் நேர்க்கோடாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அப்பாவின் புருவத்துக் கட்டு என் கண்முன் வந்தது. இருபது ஆண்டுகளாக அவர் மல்லுக்கட்டி வந்தது இதே விதியோடுதான். அந்த விதியை எழுதி மதிப்பெண் வாங்கிய நான் ஒரு நாளும் அவருக்குக் கைகொடுத்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்கு முந்தைய தைப்பூசத்தில் என் வகுப்பு நண்பர்கள் நால்வர் எங்கள் கடைக்கு வந்தார்கள். தொலைவிலேயே கண்டுகொண்ட நான், படுதாவுக்குப் பின்னால் பலூன் மூட்டைக்கருகே குந்திக்கொண்டேன். அவர்கள் சிரித்துச் சுட்டுவிட்டுப் போகும்வரை எழவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "அப்பா, அந்த ஸ்பிரிங்கை எடை போட்டுப் பாக்கட்டுமா?"

"ஸ்பிரிங்கை எதுக்குத் தம்பி எடை போடணும்? கால் கிலோகூட வராது."

"அதோட எடை இல்லப்பா. அது தள்ளுற எடை."

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார். தெருமுனை மளிகைக் கடையில் எடைக்கற்களை இரவல் வாங்கி வந்தேன். வில்லை ஒரு கம்பியில் செருகி நிறுத்தி, மேலே தட்டு வைத்துக் கற்களை அடுக்கினேன். 10 கிலோவுக்கு 18 மில்லிமீட்டர் அமுங்கியது. துப்பாக்கிக்குள் அது 5 சென்டிமீட்டர் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால், பிரிக்கும்போது அப்பா நெஞ்சில் தாங்கியது ஏறத்தாழ 28 கிலோ! தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 7 ஜூல். விசைப்பெட்டி 200 கிராம் இருந்தது. உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதும். கணக்கை அப்பாவிடம் சொன்னேன். அவர் புருவத்தைத் தடவிக்கொண்டு, "சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வில்லை நெஞ்சால் தடுப்பதற்குப் பதில் திருகால் தடுப்பது என்று முடிவு செய்தோம். பழைய இரும்புக் கடையில், தாடை உடைந்த ஒரு பட்டறைப் பிடியின் திருகும் மரையும் கிடைத்தன. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகு அது. ஆகப் பத்துச் சுற்றில் வில் முழுதும் தளர்ந்துவிடும். கைப்பிடியின் நீளம் 15 சென்டிமீட்டர். கணக்குப்படி கையின் விசை 188 மடங்காகும். உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டாலும், ஒரு கிலோவுக்கும் குறைந்த விசையில் 28 கிலோவை அடக்கிவிடலாம்.

நான்கடி நீள மாம்பலகை ஒன்றில் ஒரு முனையில் ரப்பர் வைத்த தடுப்புக்கட்டை, மறுமுனையில் திருகு என்று அமைத்தேன். முதல் முயற்சியிலேயே துப்பாக்கி நடுவில் மேல்நோக்கி வளைந்து எழும்பியது. மரையைத் தாங்கிய கட்டை பிளந்தது. நல்ல வேளையாக, ஆணிகளை இன்னும் தட்டவில்லை. என் கணக்கில் விசைக்கு அளவு இருந்தது, நேர்க்கோடு இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் அப்பா.

"தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுறவங்களைப் பாத்திருக்கியா தம்பி? கோணலா வச்சா கட்டை தெறிச்சுடும். தள்ளுறது நடுவுல, நேரா இருக்கணும்."

பழைய கதவு நிலை ஒன்றின் வேங்கை மரத்தில் இரண்டாவது முறை செய்தோம். துப்பாக்கி அசையாமல் படுக்க நீளவாக்கில் ஒரு பள்ளத்தை அப்பாவே உளியால் செதுக்கினார். நடுவில் இரண்டு இடங்களில் பெல்ட் போட்டுக் கட்டினோம். ஆணிகளைத் தட்டும் இடம் மறையாதவாறு, தள்ளும் கட்டையின் முனையைக் கவைபோல் வெட்டினோம்.

அடுத்தது ஆணி தட்டும் கருவி. தேய்ந்த அரம் ஒன்றைக் கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆறவிட்டு, இளகிய பிறகு ராவி உருவாக்கினேன். மறுபடி பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தேன். வேலை முடிந்தது என்று எண்ணி ஆணிமேல் வைத்து ஒரு தட்டு தட்டினேன். கண்ணாடிபோல் முறிந்தது. பட்டறைப் பெரியவர் சிரித்தார். "தோய்ச்சா மட்டும் போதுமாப்பா? பதம் எறக்கணும்" என்றார். தோய்த்த எஃகைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மெல்லச் சூடேற்றினால், அதன் மேற்பரப்பில் நிறங்கள் நடக்கும். 230 டிகிரிக்கு அருகில் வைக்கோல் நிறம். பின் பழுப்பு, ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினம் மிகுதி. நீலத்தில் நிறுத்தினால் முறியாத உறுதி. வெப்பமானி இல்லாமலே அந்தப் பெரியவர் இதைக் கண்ணால் அளந்தார். ஊதாவில் நிறுத்திய என் இரண்டாவது கருவி இன்றும் முறியவில்லை.

மூன்றாவது கருவி திருப்புளி. இதற்கு வழி காட்டியது அயல்நாட்டுச் செய்தி ஒன்று. அமெரிக்கத் திருவிழாக்களிலும் சுடுகடைகள் உண்டு. ஆனால் அங்கே வழங்கியவை நம்முடையவை போன்ற காற்றுத் துப்பாக்கிகள் மட்டுமல்ல. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டர் நிறுவனம் 1890-இல் கொண்டுவந்த.22 பம்ப் ஆக்‌ஷன் ரைபிளும் பெரிதும் வழங்கியது. முன்கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் காலித் தோட்டா வெளியேறிப் புதியது ஏறும். இன்று நூறாண்டு கடந்த அத்தகைய பழைய ரைபிள்களைப் பிரிப்பவர்களுக்குப் பெருந்தொல்லை திருகுகளே. அவற்றின் பிளவு மிகக் குறுகல். கடையில் விற்கும் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருப்பதால், பிளவின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். ஆகவே அங்குள்ள பழுதுபார்ப்போர், முனையின் இரு பக்கமும் இணையாக இருக்குமாறு, ஒவ்வொரு திருகுக்கும் ஏற்பத் தாமே திருப்புளியைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்ததும் தாத்தாவின் ரைபிளை எடுத்துப் பார்த்தேன். அதன் திருகுகள் ஒவ்வொன்றின் தலையிலும் அப்பாவின் திருப்புளி வழுக்கிய வடு இருந்தது. ஒரு பழைய திருப்புளியின் முனையை அந்தப் பிளவுக்குள் ஆடாமல் அமரும்வரை ராவினேன். கட்டையைப் பிடித்திருந்த திருகு ஒரே திருப்பில் கழன்றது. "இத்தனை வருசம் திருகுமேல கோவப்பட்டேனே" என்றார் அப்பா.

சமயபுரம் தேருக்கு முன், மூன்று துப்பாக்கிகளையும் பிரித்து மாட்டினோம். முதலில் குழலை மடக்கி, உள்ளே குண்டில்லை என்று பார்ப்பது அப்பாவின் பழக்கம், அதை மாற்றவில்லை. பிறகு பள்ளத்தில் கிடத்திக் கட்டித் திருகை இறுக்கினேன். ஆணிகள் தளர்ந்து தாமாகவே நழுவின. எதிர்த்திசையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே திருகைத் தளர்த்தினேன். பத்தாவது சுற்றில் வில் சத்தமின்றி ஓய்ந்தது. வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மாதான் முதலில் மூச்சு விட்டாள்.

தேர் நாளன்று அந்த நண்பர்களில் இருவர் வந்தார்கள். இம்முறை பலகைக்குப் பின்னால் நின்று குண்டு எண்ணிக் கொடுத்தவன் நான். "உங்க கடையாடா?" என்று ஒருவன் கேட்டான். "எங்கப்பா கடை" என்றேன். அவன் பத்துக் குண்டில் ஏழு பலூன் உடைத்தான். துப்பாக்கி ஏமாற்றவில்லை.

இன்றும் நான் திருகைத் தளர்த்தும்போது, அப்பா அந்தப் பழைய சாக்குப்பையைக் கொண்டுவந்து பின்முனையில் போர்த்திவிட்டே நகர்வார். தேவையில்லை என்று முதலில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. திருகு தவறினால் சாக்கு இருக்கட்டும். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். தழும்பைப் பெற்றவர் அவரல்லவா?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வீட்டுக்குப் போகும்போது பாடப்புத்தகத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அங்கே யாரோ ஒருவர் சாக்குப்பையோடு ஒரு விதியை எதிர்த்து நின்றுகொண்டிருக்கலாம்.